காலனிக்கால அமெரிக்க மூதாதையைத் தேட: உயில், நிலப் பத்திரம் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

என் மருமகள் வர்ஜீனியாவில் பிறந்தவள். பேரன் பிறந்ததும் அவனுடைய அம்மா வழி முன்னோர்களையும் ஒழுங்காக எழுதி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் இதே தேடலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவுகிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்: பெயரை மட்டும் தேடுகிறார்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். நிலம் அப்படியில்லை. ஒரு துண்டு நிலம் ஓர் இடத்தில்தான் இருக்கும், ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும். அதனால் ஆளை விட்டுவிட்டு நிலத்தைப் பிடிக்கச் சொல்கிறேன்.

ஊரில் வீடோ மனையோ வாங்கும்போது வில்லங்கம் போட்டு, தாய்ப்பத்திரம் வரை பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். அதையே 1700-களின் கையெழுத்தில் செய்யப் போகிறோம். நான் அறிந்தது வர்ஜீனியா என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன். மற்ற காலனிகளில் எங்கே மாறுகிறது என்பதை நான்காவது படியில் பாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் ஆள், ஓர் ஊர், ஓர் ஆண்டு. இந்த மூன்றும் ஏதாவது ஓர் ஆவணத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். பாட்டி சொன்ன கதை ஒரு துப்புதான். இணையத்தில் யாரோ ஏற்றி வைத்த குடும்ப மரமும் அப்படியே. அவற்றைத் தனித்தாளில் எழுதி ஓரமாக வையுங்கள்.

ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பதிவேடுகளின் படங்கள் பெரும்பாலும் அங்கே கிடைக்கின்றன. சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது. அந்தத் தளத்தோடு இணைந்த நூலகத்துக்குப் போனால் திறக்கும். வர்ஜீனியா என்றால் ரிச்மண்டில் உள்ள லைப்ரரி ஆஃப் வர்ஜீனியாவின் தளமும் வேண்டும். அரசு கொடுத்த நிலங்களின் ஆவணங்கள் அங்கே படமாகவே இருக்கின்றன.

அப்புறம் ஓர் அட்டவணை. தேதி, ஆவண வகை, கொடுத்தவர், வாங்கியவர், ஏக்கர், ஓடை அல்லது ஆறு, பக்கத்து நிலக்காரர்கள், சாட்சிகள், பதிவேட்டின் எண், பக்கம். பத்து கட்டங்கள். முதல் நாளிலிருந்தே நிரப்புங்கள். பக்க எண்ணைக் குறிக்காமல் விட்டு, அதே பத்திரத்தை மூன்று மாதம் கழித்து மறுபடி தேடி அலுத்துப்போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

2. தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

அமெரிக்காவின் 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாகச் சுதந்திரமாக வாழ்ந்த ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. அதற்கு முன் 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வர்ஜீனியாவுக்கு 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவை அழிந்துவிட்டன. அந்த இடைவெளியை 1782-இல் தொடங்கும் நில வரிப் பட்டியலும் சொத்து வரிப் பட்டியலும் நிரப்பும்.

அதனால் 1850-இலிருந்து 1782 வரை வரிப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஆண்டு ஆண்டாக இறங்குங்கள். இது சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். குதித்தவர்கள் அதே குடும்பப் பெயருள்ள, கப்பலில் வந்த பெரிய மனிதர் ஒருவர் மேல் போய் விழுவார்கள். நடுவில் மூன்று தலைமுறை காற்றில் தொங்கும்.

3. கவுண்டி எந்த ஆண்டு பிறந்தது என்று பாருங்கள்

இன்றைய கவுண்டியின் பெயரை வைத்து 1740-இன் பத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. குடியேற்றம் மேற்கே நகர நகர, பெரிய கவுண்டிகளை வெட்டிப் புதியவை உண்டாக்கினார்கள். ஹென்ரிக்கோவிலிருந்து 1728-இல் கூச்லாண்ட் பிரிந்தது. கூச்லாண்டிலிருந்து 1744-இல் ஆல்பமார்ல் பிரிந்தது. ஆல்பமார்லிலிருந்து 1761-இல் ஆம்ஹெர்ஸ்ட், பக்கிங்ஹாம் இரண்டும் பிரிந்தன. ஒரே வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்த குடும்பத்தின் பதிவுகள் மூன்று கோர்ட்டில் சிதறிக் கிடக்கும்.

நல்ல உதாரணம் தாமஸ் ஜெஃபர்சனின் அப்பா பீட்டர் ஜெஃபர்சன். ரிவானா ஆற்றங்கரை நிலத்துக்கு அவர் 1736-இல் வாங்கிய பத்திரம் கூச்லாண்ட் பதிவில் வரும். 1757-இல் அவர் இறந்தபோது உயில் ஆல்பமார்லில் பதிவானது. நிலம் அங்கேயேதான் இருந்தது, கவுண்டிக் கோடுதான் நகர்ந்தது.

ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவனாக வளர்ந்த ஃபெரி ஃபார்ம் இன்று ஸ்டாஃபோர்டு கவுண்டியில் இருக்கிறது. அவருடைய அப்பா அகஸ்டின் 1743-இல் இறந்தபோது உயில் கிங் ஜார்ஜ் கவுண்டியில் மெய்ப்பிக்கப்பட்டது, அதாவது உண்மையானது என்று கோர்ட்டில் ஏற்கப்பட்டது. இன்றைய வரைபடத்தை மட்டும் பார்த்து ஸ்டாஃபோர்டில் தேடுகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

உங்கள் கவுண்டிக்கு ஒரு வம்சாவளியே எழுதுங்கள்: எது தாய், எது பாட்டி, எந்த ஆண்டு பிரிந்தது. பதிவுகள் பிரிந்த நாள்வரை தாயிடமே இருக்கும். மகளிடம் வராது.

4. பதிவை யார் வைத்திருந்தார்கள்

வர்ஜீனியாவில் உயிலும் பத்திரமும் கவுண்டி கோர்ட்டில். அரசிடமிருந்து முதன்முதலாகப் பெற்ற நில ஆவணம் மட்டும் காலனித் தலைநகரில். பொட்டோமாக், ராப்பஹானக் ஆறுகளுக்கு இடைப்பட்ட ‘நார்தர்ன் நெக்’ பகுதி தனி உரிமையாளர்களின் கையில், பின்னாளில் ஃபேர்ஃபாக்ஸ் பிரபு குடும்பத்திடம் இருந்ததால், அங்கே அந்த முதல் ஆவணங்களும் தனிப் புத்தகங்களில் இருக்கின்றன. இது தெரியாமல் பொதுப் புத்தகங்களில் மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

மற்ற இடங்கள் சுருக்கமாக: கனெக்டிகட்டில் நிலப் பத்திரம் ஊர் அலுவலகத்தில், உயில் தனி மாவட்டங்களில். ரோட் ஐலண்டில் இரண்டுமே ஊரில். மாசசூசெட்ஸ், பென்சில்வேனியாவில் கவுண்டியில். மேரிலாண்டில் 1777 வரை உயில்கள் காலனி முழுமைக்கும் ஒரே மைய நீதிமன்றத்தின் கீழ். தென் கரோலினாவில் அமெரிக்கப் புரட்சிக்காலம் வரை கிட்டத்தட்ட எல்லாமே சார்ல்ஸ்டனில். எங்கே தேடுவது என்று முதலில் உறுதி செய்யுங்கள். தவறான அலுவலகத்தில் ‘இல்லை’ என்ற பதில் வந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

5. தேதியையும் கையெழுத்தையும் பழகிக்கொள்ளுங்கள்

1752-க்கு முன் ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஆகவே 1731 நவம்பரில் எழுதிய உயில் ‘1731 ஜனவரி’யில் மெய்ப்பிக்கப்பட்டது என்று இருந்தால் அது எழுத்துப் பிழை அல்ல. நம் கணக்கில் அது 1732 ஜனவரி. சில எழுத்தர்கள் 1731/32 என்று இரண்டு ஆண்டையும் போட்டு உதவியிருப்பார்கள். உங்கள் அட்டவணையில் ஆவணத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, பக்கத்தில் திருத்திய ஆண்டைக் குறியுங்கள். நேரடியாகத் திருத்தி எழுதிவிட்டால், ஏற்கெனவே திருத்தியதா இல்லையா என்று பின்னால் தெரியாமல் போகும்.

குவேக்கர் சமயத்தவர் மாதங்களுக்குப் பெயர் சொல்லாமல் எண் மட்டும் போடுவார்கள். 1752-க்கு முன் அவர்களுடைய ‘முதல் மாதம்’ மார்ச். இதைத் தவறவிட்டால் பிறந்த தேதி இரண்டு மாதம் தள்ளிப் போகும்.

கையெழுத்தில் மூன்று விஷயங்கள் போதும், மீதி பழக்கத்தில் வரும். சொல்லின் நடுவில் ‘எஃப்’ போலத் தெரிவது பெரும்பாலும் நீண்ட ‘எஸ்’. ‘ஒய், ஈ’ என்று இரண்டெழுத்தில் இருப்பது ‘தி’ என்ற சாதாரணச் சொல்தான். ‘ஜே, என், ஓ’ என்ற சுருக்கம் ஜான். அதை ஜோனதன் என்று எழுதி, இல்லாத ஒரு மகனை உண்டாக்கியவர்கள் பலர். குழப்பமான சொல் வந்தால் அதே எழுத்தர் வேறு பக்கத்தில் அந்த எழுத்தை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

6. உயிலுக்கு முன் நிலப் பத்திரம்

எல்லாரும் முதலில் உயிலைத்தான் தேடுவார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். ‘நான் இப்போது வசிக்கும் நிலத்தை மகனுக்குத் தருகிறேன்’ என்று உயிலில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அது எந்த நிலம், எத்தனை ஏக்கர், எந்த ஓடைக்கரை என்று பத்திரம்தான் சொல்லும். பத்திரத்தைப் படித்துவிட்டு உயிலுக்கு வந்தால் அந்த ஒரு வரிக்கு உயிர் வந்துவிடும்.

விற்றவர் பெயர்ப் பட்டியல், வாங்கியவர் பெயர்ப் பட்டியல் என்று இரண்டு அகராதிகள் (இண்டெக்ஸ்) இருக்கும். இரண்டிலும் அந்தக் குடும்பப் பெயர் உள்ள எல்லாரையும் எடுங்கள், உங்கள் ஆளை மட்டும் அல்ல. பெயரை எழுத்தர் காதில் கேட்டபடி எழுதியிருப்பார், ஆகவே எல்லா எழுத்துக்கூட்டலிலும் பாருங்கள். ஃபேமிலிசர்ச்சில் கையெழுத்தையே கணினி படித்துத் தேடித் தரும் வசதி வந்துவிட்டது. சாட்சியாகவோ பக்கத்து நிலக்காரராகவோ வந்த பெயரையும் அது பிடித்துத் தருவதால் பெரிய உதவி. ஆனால் அது தவறாகவும் படிக்கும், அதனால் பழைய அகராதியை விட்டுவிடாதீர்கள்.

இப்போது வரவு செலவு மாதிரி ஒரு கணக்கு போடுங்கள். ஒவ்வொரு துண்டு நிலமும் எப்படி வந்தது, எப்படிப் போனது? ஒருவர் 200 ஏக்கர் விற்றிருக்கிறார், வாங்கியதற்குப் பத்திரமே இல்லை என்றால், அவருக்கு அது வாரிசாகவோ திருமணத்தாலோ வந்திருக்கலாம். அதே 200 ஏக்கரை முன் தலைமுறையில் வாங்கியவர் யார், விற்காமல் இறந்தவர் யார் என்று பார்த்தால் அப்பாவோ மாமனாரோ அங்கே இருப்பார். பிறப்புப் பதிவே இல்லாத இடத்தில் மகன் என்று நிரூபிக்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியாது. பெரும்பாலான இடங்களில் இந்த வெற்றுக் கட்டம்தான் எனக்கு வழி காட்டியிருக்கிறது.

7. பத்திர வகைகளும் அவற்றில் விழும் தவறுகளும்

முதல் பட்டா. இதைப் ‘பேட்டன்ட்’ என்பார்கள், அரசர் பெயரில் ஆளுநர் தந்தது. வர்ஜீனியாவில் ஒருவரைக் கடல் கடந்து அழைத்து வந்தால் தலைக்கு 50 ஏக்கர் உரிமை. பட்டாவின் கீழே அந்த ஆட்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். 1635-இல் ஜார்ஜ் மெனஃபி என்பவர் பெற்ற நிலத்தின் பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. நம் பக்கத்து மனிதர் ஒருவர் அத்தனை சீக்கிரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று படித்த அன்று நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தை மூடவில்லை.

இந்தப் பட்டியலில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, பட்டாவின் ஆண்டையே வந்து இறங்கிய ஆண்டாக எடுத்துக்கொள்வது. உரிமையைப் பல ஆண்டு கழித்தும் பயன்படுத்தினார்கள், விற்கவும் செய்தார்கள். இரண்டாவது, பட்டியலில் உள்ளவர்களைப் பட்டாதாரரின் உறவினர் என்று நினைப்பது.

குத்தகையும் விடுதலையும். இது புதியவர்களை மிகவும் குழப்பும். முதல் நாள் ஒரு குத்தகைப் பத்திரம்: ஐந்து ஷில்லிங், வாடகை கேட்டால் ஒரே ஒரு மிளகு. மறுநாள் விடுதலைப் பத்திரம், அதில் உண்மையான விலை. இரண்டும் சேர்ந்து ஒரே கிரயம். அந்தக் காலத்துச் சட்டச் சடங்கு அப்படி. முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ‘இவர் நிலமில்லாத குத்தகைக்காரர்’ என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

தானப் பத்திரம். ‘இயற்கையான அன்பினால்’ என்று காரணம் சொல்லி அப்பா பிள்ளைக்கு எழுதுவது. உறவை அதிலேயே சொல்லிவிடுவார்கள். ஐந்து ஷில்லிங் போன்ற மிகக் குறைந்த விலைக்கு எழுதிய பத்திரத்திலும் உறவு மறைந்திருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பீட்டர் ஜெஃபர்சனுக்கு 1736-இல் நண்பர் வில்லியம் ராண்டால்ஃப் 200 ஏக்கர் எழுதிக் கொடுத்தார். பத்திரத்தில் விலை என்ன தெரியுமா? வில்லியம்ஸ்பர்க்கில் ஹென்றி வெதர்பர்னின் விடுதியில் கிடைக்கும் மிகப் பெரிய கிண்ணம் நிறைய ‘அராக் பஞ்ச்’ என்ற சாராயக் கலவை. அது நட்புக்கு எழுதிய விலை.

மனைவியின் ஒப்புதல். கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் இறந்தபின் ஆயுள் முழுக்க மனைவிக்கு உண்டு. நிலத்தை விற்கும்போது அந்த உரிமையை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். கணவன் இல்லாமல் அவளைத் தனியே விசாரித்துக் கோர்ட் பதிவு செய்யும். பெண்ணின் பெயர் எழுத்தில் கிடைக்கும் அரிய இடங்களில் இது ஒன்று. ஒரு ஆணின் எல்லா விற்பனைகளையும் தேதி வரிசையில் வைத்தால் முதல் மனைவி எப்போது மறைந்தாள், அடுத்தவள் எப்போது வந்தாள் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். இந்த விசாரணைக் குறிப்பு சில சமயம் பத்திரத்துக்குப் பல பக்கம் தள்ளி இருக்கும், தேடிப் பாருங்கள்.

8. உயிலைப் படிக்கும் முறை

எழுதிய தேதி, கோர்ட்டில் மெய்ப்பித்த தேதி என்று இரண்டு இருக்கும். மரணம் இவ்விரண்டுக்கும் நடுவில். பீட்டர் ஜெஃபர்சன் 1757 ஜூலையில் எழுதினார், ஆகஸ்டில் இறந்தார், அக்டோபரில் உயில் கோர்ட்டுக்கு வந்தது. எழுதிய தேதியை இறந்த தேதியாகப் போடும் குடும்ப மரங்கள் ஏராளம்.

உயிலை முழுக்க, ஒரு சொல் விடாமல் படி எடுங்கள். அச்சில் வந்த சுருக்கங்களை நம்பி நின்றுவிடாதீர்கள். ‘மகன், அவன் 21 வயதானதும்’ என்ற சின்னச் சொற்றொடர் சுருக்கத்தில் விழுந்துவிடும். அந்தச் சொற்றொடரில்தான் அவன் பிறந்த ஆண்டுக்கான எல்லை இருக்கிறது.

ஒவ்வொரு நிலத்தையும் ஆறாவது படியில் போட்ட கணக்கோடு பொருத்துங்கள். பீட்டர் ஜெஃபர்சனின் உயில், ரிவானா பக்கத்து நிலமா ஃப்ளுவானா பக்கத்து நிலமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தாமஸுக்குக் கொடுத்தது. இப்படிப்பட்ட உயிலை மட்டும் பார்த்தால் எந்த மகனிடம் எது போனது என்று தெரியாது. அடுத்த தலைமுறையின் வரிப்பட்டியலும் விற்பனையும்தான் பதில் தரும்.

உயிலில் பெயர் இல்லை என்பதால் அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று ஆகாது. அவருக்கு முன்பே தானப் பத்திரம் எழுதியிருக்கலாம். மகளுக்குத் திருமணத்தில் கொடுத்து முடித்திருக்கலாம். ‘ஒரு ஷில்லிங் மட்டும்’ என்று வருகிற மூத்த மகனைக் கோபத்தில் ஒதுக்கிவிட்டார்கள் என்று கதை கட்டுகிறார்கள். பல சமயம் அவர் பங்கை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பார், மறந்து விடவில்லை என்று காட்டவே அந்த ஒரு ஷில்லிங்.

உயிலோடு நிறுத்தாதீர்கள். அதற்குப் பின் சொத்துப் பட்டியல், கணக்கு, பாகப்பிரிவினை என்று வரிசையாக வரும், சில சமயம் பத்து வருடம் கழித்தும். கணக்கில் ‘இன்னாருக்கு அவர் மனைவியின் பங்கு’ என்று எழுதியிருந்தால் மகள் யாரைத் திருமணம் செய்தாள் என்று கிடைத்துவிடும். உயில் எழுதிய நாளில் அவள் இன்னும் திருமணமாகாதவளாக இருந்திருந்தால், உயில் இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

9. உயில் எழுதாமல் இறந்தவர்

இப்படி இறந்தவர்கள் அதிகம். வர்ஜீனியாவில் உயில் இல்லையென்றால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கு. 1785-இல் நிறைவேறி 1787-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இதை மாற்றியது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற நியூ இங்கிலாந்துக் காலனிகள் பெரும்பாலானவற்றில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு, மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. ஆகவே வர்ஜீனியாவில் 1760-இல் ஒருவர் மட்டும் அப்பாவின் நிலத்தை விற்கிறார் என்றால் அவரே மூத்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாசசூசெட்ஸில் அதே காட்சிக்கு அந்தப் பொருள் கிடையாது. சட்டம் தெரியாமல் பத்திரத்தைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

கோர்ட் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும், பெரும்பாலும் மனைவியை. அவருக்குப் பிணை நின்றவர்களின் பெயரைக் கட்டாயம் குறியுங்கள். தன் சொத்தைப் பணயம் வைத்து விதவைக்குப் பிணை நிற்பவர் அவளுடைய அண்ணனாகவோ அப்பாவாகவோ இருப்பது வழக்கம். அவளுடைய பிறந்த வீட்டைத் தேட அங்கே தொடங்கலாம்.

‘அனாதை’ என்ற சொல் அந்தப் பதிவுகளில் அப்பா இல்லாத பிள்ளையைக் குறிக்கும். அம்மா உயிரோடு இருப்பாள். பதினான்கு வயதானால் பிள்ளை தானே தன் காப்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம். ‘கோர்ட்டில் வந்து காப்பாளரைத் தேர்ந்தெடுத்தான்’ என்று இருந்தால் அன்று அவனுக்கு வயது 14-க்கும் 21-க்கும் இடையில்.

10. உறவுச் சொற்களை இன்றைய பொருளில் எடுக்காதீர்கள்

தமிழர்களுக்கு இது எளிதாகப் புரிய வேண்டும். மருமகன் என்றால் மகளின் கணவன், அக்கா தங்கையின் மகனும் மருமகன்தான். இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். அந்தக் கால ஆங்கிலமும் அப்படித்தான். ‘சன்-இன்-லா’ என்று எழுதியிருப்பவர் மனைவியின் முந்தைய கணவனுக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். ‘கசின்’ பெரும்பாலும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகள். ‘பிரதர்’ மைத்துனராக இருக்கலாம். ‘இன்ஃபன்ட்’ கைக்குழந்தை அல்ல, 21 நிறையாத யாரும். ‘இப்போதைய மனைவி’ என்ற சொல்லை வைத்து முன்னால் ஒரு மனைவி இருந்தாள் என்று முடிவு செய்ய முடியாது. சட்டப்படி தெளிவுக்காக அப்படி எழுதுவார்கள்.

‘சீனியர்’, ‘ஜூனியர்’ இரண்டும் மிக ஆபத்தானவை. ஒரே ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர் என்பதுதான் பொருள். சித்தப்பா, பெரியப்பா மகன் என்றும் இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார்.

11. ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தல்

நான் மருமகளின் குடும்பத்தில் எட்டு மாதம் தவறான ஆளின் பின்னால் போயிருந்தேன். ஒரே கவுண்டி, ஒரே பெயர், மனைவி பெயரும் ஒன்று. கடைசியில் ஒரு விவரம்தான் பிரித்துக் காட்டியது: ஒருவர் தன் பெயரைக் கையெழுத்திட்டார், மற்றவர் எல்லாப் பத்திரத்திலும் ஓர் அடையாளக் கீறல் போட்டார். பதிவேட்டில் எழுத்தர் அந்தக் கீறலை அப்படியே வரைந்திருந்தார். அன்றிலிருந்து கையெழுத்தா, கீறலா, என்ன வடிவம் என்று தனிக் கட்டம் வைத்திருக்கிறேன்.

ஓடையின் பெயர் இன்னொரு நல்ல கருவி. எந்த ஓடைக்கரையில் நிலம் என்று வைத்து எல்லாப் பதிவுகளையும் பிரித்துக் குவியுங்கள். இரண்டு குவியல் தானாகவே வரும்.

மூன்றாவது, தலைவரிப் பட்டியல். வர்ஜீனியாவில் 16 வயது நிறைந்த ஆண்கள் வரிக்கணக்கில் வருவார்கள். பையன் பெயர் முதன்முதலில் அப்பா பெயருக்குக் கீழே வந்த ஆண்டைப் பாருங்கள், பிறகு தனியாக வந்த ஆண்டைப் பாருங்கள். வயது கிட்டத்தட்டப் பிடிபடும்.

12. நிலத்தை வரைந்து பாருங்கள்

நம் பத்திரத்தில் சக்குபந்தி எழுதுவது போல அதிலும் எல்லை வரும்: ‘வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கு 40 பாகை கிழக்காக 120 போல்’ என்று நடந்து நடந்து, தொடங்கிய மரத்துக்கே திரும்பும். ஒரு போல் பதினாறரை அடி. ஆகவே 120 போல் 1,980 அடி. ஏக்கருக்கு 160 சதுர போல்.

கட்டத்தாளும் பாகைமானியும் போதும். வரைந்து முடித்துப் பக்கத்து நிலக்காரர்களின் பத்திரங்களையும் அதே அளவில் வரைந்து வெட்டி, ஓரம் ஓரமாகச் சேருங்கள். கோடு மூடாவிட்டால் பெரும்பாலும் நீங்கள் ஒரு திசையை மாற்றிப் படித்திருப்பீர்கள். எழுத்தர் ஒரு வரியை விட்டிருக்கவும் கூடும்.

இவ்வளவு உழைப்பு எதற்கென்றால், மணமக்கள் பெரும்பாலும் பக்கத்து நிலங்களிலிருந்துதான் வந்தார்கள். சாட்சி, பிணை, சொத்தை மதிப்பிட்டவர்கள் எல்லாரும் அந்த வரைபடத்தில் இருப்பார்கள். இடம் பெயர்ந்தபோதும் கூட்டமாகவே போனார்கள். உங்கள் ஆள் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லையா? அவருடைய பக்கத்து நிலக்காரர் எங்கிருந்து வந்தார் என்று தேடுங்கள்.

13. அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். உங்கள் தேடலில் அந்தக் குடும்பம் அடிமைகளை வைத்திருந்தது என்று தெரிந்தால், உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் பாகப்பிரிவினையிலும் வரும் ஒவ்வொரு பெயரையும், வயது, தாய் பெயர், யாருக்குப் போனார்கள் என்பதோடு படி எடுங்கள். அவர்களின் வழியில் வந்தவர்களுக்கு இந்தத் தாள்களைத் தவிர வேறு பதிவு பல சமயம் இல்லை.

வர்ஜீனியாவில் 1662 சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. அதனால் தாயும் பிள்ளைகளும் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருப்பார்கள். 1705 சட்டம் அவர்களை நிலத்தைப் போன்ற சொத்தாக வாரிசு முறையில் சேர்த்தது. ஆகவே நிலம் போன வழியைப் பிடித்தால் அவர்கள் கொண்டுபோகப்பட்ட வழியும் தெரியும். விதவையின் மூன்றில் ஒரு பங்கைப் பிரித்த பதிவு, மகள் திருமணத்தில் எழுதிய தானப் பத்திரம், கடனுக்கு அடகு வைத்த பத்திரம் மூன்றையும் விடாமல் பாருங்கள். ஒரு குடும்பத்தைப் பிரித்தது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். படித்து முடிக்கவே மனம் கனக்கும். முழுசாக எழுதி வையுங்கள்.

14. கோர்ட் எரிந்துபோன கவுண்டி

நியூ கென்ட், கிங் வில்லியம், பக்கிங்ஹாம், க்ளௌஸ்டர் போன்ற கவுண்டிகளின் பழைய பதிவுகள் பெரும்பாலும் தீயில் போயின. சில கவுண்டிகள் உள்நாட்டுப் போரில் பாதுகாப்புக்காகப் புத்தகங்களை ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் போய்விட்டன. ‘எரிந்த கவுண்டி’ என்று கேட்டதும் பலர் கைவிடுகிறார்கள். கைவிட வேண்டாம், இந்த வரிசையில் பாருங்கள்.

முதல் பட்டா தலைநகரில் பதிவானதால் கவுண்டி எரிந்தாலும் அது இருக்கும். அடுத்து 1704-இன் நில வரிப் பட்டியல். நூறு ஏக்கருக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் கிஸ்தி கட்டிய நிலக்காரர்களின் பெயரும் ஏக்கரும் அதில் உண்டு, நார்தர்ன் நெக் பகுதி மட்டும் அதில் இல்லை. மூன்றாவது தேவாலயப் பதிவு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தார் சேர்ந்து நில எல்லைகளை நடந்து பார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. நியூ கென்ட்டின் செயின்ட் பீட்டர்ஸ், ஹானோவரின் செயின்ட் பால்ஸ் ஆகிய இரண்டு தேவாலயங்களின் புத்தகங்களில் அந்த நடைகள் பதிவாகி இருக்கின்றன. யார் நிலத்துக்குப் பக்கத்தில் யார் என்று வரிசையாக வரும்.

பிறகு பக்கத்துக் கவுண்டிகள். எல்லையருகே இருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் நிலம் இருந்தது. கடைசியாகச் சான்சரி நீதிமன்ற வழக்குகள். சொத்துத் தகராறு இரண்டு தலைமுறை இழுத்தடிக்கும், வாதத்துக்கு ஆதாரமாக எரிந்துபோன உயிலின் நகலை வழக்குத் தாள்களோடு சேர்த்திருப்பார்கள். லைப்ரரி ஆஃப் வர்ஜீனியா இவற்றுக்குத் தனி அகராதி வைத்திருக்கிறது. எரிந்த கவுண்டிக்காரர் வேறு கவுண்டியில் போட்ட வழக்கும் அதில் வரும், எனவே கவுண்டி பெயரைக் குறிப்பிடாமல் குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

15. எழுதி நிறுத்துங்கள்

ஒவ்வொரு தலைமுறை இணைப்புக்கும் ஒரு பக்கம். ‘இன்னார் இன்னாரின் மகன், ஏனென்றால்’ என்று தொடங்கி, ஆவணம், பதிவேட்டு எண், பக்கம், அதிலிருந்து நான் கொண்ட முடிவு என்று எழுதுங்கள். ஆவணம் சொன்னதையும் நீங்கள் ஊகித்ததையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். எதிராக இருக்கும் சான்றையும் அங்கேயே எழுதுங்கள். எழுதும்போதுதான் எந்தக் கட்டம் காலி என்று கண்ணில் படும். எழுதாமல் மனதில் வைத்திருந்தால் எல்லாம் நிரம்பியிருப்பது போலவே தோன்றும்.

என் பேரனின் பக்கங்களில் ஆறு இணைப்புகள் முடிந்துவிட்டன. ஏழாவதில் 1740-களில் ஒருவர் 150 ஏக்கர் விற்கிறார், அது அவருக்கு எப்படி வந்தது என்ற கட்டம் இன்னும் காலி. மூத்த கவுண்டியின் வாங்கியவர் அகராதியைப் பார்த்தாயிற்று, இல்லை. அந்த ஓடைக்கரையின் மற்ற மூன்று நிலங்களை வரைந்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை நான்காவதை வரைய வேண்டும்.